ஹீற்றர் போட்ட மத்தியானம்

எங்கள் காருக்கு ஹீற்றர் இருந்ததைச் சொல்லிச் சொல்லி விடத்தல்தீவே சிரித்தது. குளிர்நாட்டுக்காரருக்கென்று செய்த பழைய கார் அது. அதை வாங்கிய அப்பா ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டியிருந்தார். ஹீற்றரின் குமிழை மட்டும் ஒருநாளும் திருப்பியதில்லை.

அந்த வருடம் கார் அடிக்கடி சூடேறத் தொடங்கியது. லொறி ஓட்டுகிற பெரியப்பா ஒரு வழி சொன்னார். "அந்தத் தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறி. எங்கட வெக்கைக்கு அது என்னத்துக்கு?"

அப்பா கேட்கவில்லை. அது எஞ்சினுக்குள் இருக்கும் சிறிய பித்தளை வால்வு. எஞ்சினின் தண்ணீர் போதிய அளவு சூடாகும் வரை வழியை மூடி வைத்திருக்கும். சூடானதும் திறந்து றேடியேற்றருக்கு அனுப்பும். அங்கே ஆறிய தண்ணீர் திரும்பி வரும். இதையெல்லாம் அப்பா எனக்குத்தான் விளக்கினார். "எஞ்சினுக்கும் அளவான சூடு வேணும், பிள்ளை. குளிர்ந்த எஞ்சின் கெதியாத் தேஞ்சுபோம்." எட்டு வயதுக்காரிக்கு அது ஏதோ டொக்டர் பேசுவதுபோல் இருந்தது. றேடியேற்றரைக் கழுவினால் சரிவரும் என்று அவர் நம்பினார். கழுவியும் பார்த்தார்.

பிள்ளை பிறக்கும் நாள் வரமுன்னரே அம்மாவுக்கு நோ கண்டது. வந்து பார்த்த மருத்துவிச்சியின் முகம் மாறிவிட்டது. உடனே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றார். பெரியம்மா பின் சீற்றில் ஏறி, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலையை எடுத்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. அப்பா என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"நான் றோட்டைப் பாக்கோணும். நீ இந்தச் சூடு காட்டுற முள்ளைப் பார். சிவப்புக்குக் கிட்டப் போனால் சொல்லு."

நான் முள்ளைப் பார்த்தேன். பள்ளமடுவைத் தாண்டும் வரை அது நடுவில் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. பெரியம்மாவின் அருள்நிறை மந்திரம் ஒவ்வொன்றும் முடியும்போது முள் கொஞ்சம் மேலே போயிருந்தது. குழிகளில் கார் விழுந்து எழும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முள் என்னை ஏமாற்றிவிடும் என்று பயந்தேன்.

"அப்பா, சிவப்பு."

காரை நிறுத்தி அப்பா எஞ்சின் மூடியைத் தூக்கினார். எஞ்சினிலிருந்து அனல் அடித்தது. றேடியேற்றரில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"தண்ணி வருகுதில்லை," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். "வால்வு மூடினபடி இறுகிப்போச்சு."

ஸ்பனரை எடுத்து அதைக் கழற்றப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி அசையவில்லை. கை சுட்டதுதான் மிச்சம். இருபுறமும் உப்பு வெளி. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. ஒரு மாட்டுவண்டி எதிர்த்திசையில் தூரத்தே தோன்றி, எங்களைக் கடந்து, புழுதிக்குள் மறையும் வரை எஞ்சின் ஆறவில்லை. அதற்குள் பெரியம்மாவின் செபம் நின்றுவிட்டது. அவர் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார்.

அப்பா ஜன்னலடிக்கு வந்தார். "ஹீற்றருக்குத் தண்ணி வேற வழியால போகுது. அதைத் திறந்தால் எஞ்சின்ர சூடு கொஞ்சம் உள்ளுக்க வரும், மெல்லமாப் போகலாம். ஆனால் இந்த வெக்கையில உமக்கு..."

"போடுங்கோ," என்றார் அம்மா. "நான் தாங்குவன்."

கருகிய தூசி மணத்தோடு சூடு எங்கள் மேல் பாய்ந்தது. ஜன்னல்களைத் திறந்தும் மூச்சு முட்டியது. பெரியம்மா சேலைத் தலைப்பால் அம்மாவுக்கு விசிறிக்கொண்டே வந்தார். எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரம் வந்தது; நோகிற அம்மாவை இப்படியுமா வேகவைப்பது? ஆனால் முள் சிவப்பிலிருந்து மெல்ல நகர்ந்தது. "இறங்குது அப்பா, இறங்குது," என்றேன். முள் இறங்கினால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ எனக்குள் முடிவாகியிருந்தது. மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் கடற்காற்று அடித்தபோது அது நடுவுக்கே வந்துவிட்டது. நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

அம்மா பிழைத்தார். தம்பியைச் சம்மனசுகள் மோட்சத்துக்குக் கொண்டுபோட்டினம் என்று பெரியம்மா சொன்னார்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அந்த வால்வைக் கழற்றினார். நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினார். தண்ணீர் கொதித்தது. அது திறக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த புதியதைத் தொங்கவிட்டார். மீன் வாய்போல் மெல்லத் திறந்தது. நான் கைதட்டினேன். புதியதைப் பூட்டிவிட்டுக் காரை எடுப்பார் என்று பார்த்தால், பழையதையே திரும்பச் சட்டிக்குள் விட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கடல் தொழிலுக்குப் போகாமல் அடுப்படியில் குந்தியிருந்து அதையே பார்த்தார். அவருக்கு அது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது என்று நினைத்து நானும் விறகு தள்ளினேன்.

ஒரு பின்னேரம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன் வயிற்றைத் தடவினார்.

"விடுங்கோ," என்றார். "நாங்கள் வீட்டால வெளிக்கிட முன்னமே அது அசையேல்லை."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உண்மையாவோ?"

"ஓம்."

அப்பா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அம்மா பக்கத்தில் இருந்து அவர் முதுகில் கையை வைத்தார்.

நான் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா ஒருநாளும் காரின் மூடியைத் திறந்து பார்த்தவரல்ல. வெளிக்கிட முன்னமே அந்த வால்வு அசையவில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.