தலைமாட்டு மாடம்

படித்தது கட்டடக்கலை, கை பழகியது தங்கத்தில். கட்டடக்காரர்கள் என்னை நகை செய்கிற அம்மா என்பார்கள். நகைக்கடைக்காரர்களோ இன்ஜினியர் மேடம் என்பார்கள். இரண்டு தரப்பும் என் வேலையில் பாதியை வெட்டிவிடும். பதினைந்து வருடத்தில் நான் நினைத்தபடி நின்ற சுவர் ஒன்றுகூட இல்லை. செய்ததில் ஒன்றையாவது யாராவது நான் நினைத்தபடி புழங்கிப் பார்த்துவிட வேண்டும். என் ஆசை, வயிற்றெரிச்சல் எல்லாம் அதுதான்.

ஒரகடத்தில் தொழிலாளர்களுக்கு ஒரு ஹாஸ்டல் வரையக் கிடைத்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவருக்குள் ஒரு சின்ன மாடம் வைத்து, பூட்டுகிற கதவும் போட்டிருந்தேன். காண்ட்ராக்டர் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மேடம், செவுரு பூரா பொந்து வச்சிக்கினு? நகைப்பொட்டியா கட்றோம்? பசங்க படுக்கத்தானே வர்றாங்கோ."

ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அப்புறம் அலுத்துப்போய், மாடம் இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அங்கே குடிவந்தவர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கார் கம்பெனியில் வேலை. ஒழுகும் குழாயைப் பார்க்க நான் போன அன்று, என் விரலில் கிடந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்துக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். சர்ச்சில் மாற்றிக்கொள்ளும் மோதிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. குறுக்கே வெட்டுவதற்கு ஆளே கிடையாது! இருங்காட்டுக்கோட்டையில் என் வாடகை வீட்டுப் பின்னறையில் மூன்று வாரம் உட்கார்ந்து அரத்தால் ராவினேன்.

கல்யாணம் முடிந்து அவர் திரும்பியதும் பார்க்கப் போனேன். விரல் வெறுமையாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"மோதிரம் எங்க? பிடிக்கலையா?"

"ஐயோ, பிடிக்காமலா மேடம்? லைன்ல மோதிரமே போடக்கூடாதுல்லா. வண்டி பெயிண்ட்ல கீறல் விழுந்திரும். சூப்பர்வைசர் கையப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாரு."

கார் கம்பெனிகளுக்கு நடுவிலேயே குடியிருக்கிறேன். விரலைச் சுற்றி நூல் பிடித்து அளந்த நான், அந்தக் கை நாளெல்லாம் எதைத் தொடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சலையும் அவர் மேலேயே காட்டினேன்.

"ரூம்ல வெச்சிட்டுப் போறதுதானே? ஷிப்ட் முடிஞ்சு வந்து போட்டுக்கலாமே?"

"ரூம்ல எங்க மேடம் வைக்க? ஆறு பேரு இருக்கோம், ஷிப்டுக்கு ஷிப்டு ஆளு வருது, போகுது. அதான் ஊர்ல அவகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்." கட்டிலில் உட்கார்ந்தபடியே பின்சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்த எடத்துல பூட்டுற மாதிரி ஒரு சின்னப் பொந்து இருந்தா போதும். ரூம வரைஞ்சவங்களுக்கு அது தோணல பாத்தியளா?"

"வரைஞ்சது நான்தான்."

அவர் பதறி எழுந்துவிட்டார். "இல்ல மேடம், நல்லாத்தான் வரைஞ்சிருக்கிய. காத்தோட்டமா இருக்கு."

மாடம் போட்டதையும், அதை எடுக்கச் சம்மதித்ததையும் சொல்ல வாய் வரவில்லை. சுவரைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் இருந்தபடியே, இம்மி பிசகாமல் கட்டியிருந்தார்கள்.