தட்டிப் பார்க்கிறவர்

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் மேஸ்திரி முதலில் வாயைத் திறக்கவில்லை. கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நடுவிரல் முட்டியால் தரையைத் தட்டினார். ஒரு கல் ‘டக்’ என்றது. பக்கத்துக் கல் ‘டொக்’ என்றது. “இந்தக் கல்லு உள்ள காலி டாக்டர்” என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றியும் அதையேதான் சொன்னாராம். மேஸ்திரியம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வீடுகளுக்குத் தரைக்கல் பதிப்பது அவர் தொழில். முழங்கால்கள் தேய்ந்து மண்டியிட முடியாமல் போனபிறகு வேலையை விட்டார், தட்டுவதை விடவில்லை. வங்கி வரிசையில் நின்றால் செருப்பின் குதிகாலால் தட்டுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன் கூடத்துத் தரையை விசாரிப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு டொக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வேலைக்குப் போன காலத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்று உண்டு. “சாமான் செட்டோட வெளிய போயிருங்க. தூசிக்குள்ள குடித்தனம் நடத்த முடியாது.” வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். ஒரு ரூமில் ஒதுங்கிக்கொள்கிறோம், சமையலை மட்டும் பின்பக்கம் வைத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சுவார்கள். மேஸ்திரி மசியமாட்டார். குழந்தை இருக்கிறதா, வயசானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டே அவர்களைப் பெட்டி கட்ட வைத்துவிடுவார்.

இப்போது அவருடைய சொந்த வீட்டுக்கே வேலை வந்துவிட்டது. குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிந்து, தண்ணீர் தரைக்கடியில் பரவி, கூடத்துக் கற்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டன. எல்லாக் குழாயையும் மாற்றவேண்டும், எல்லா அறைத் தரையையும் உடைத்துப் போடவேண்டும். ஒரு காலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் பதித்த நெட்டை மேஸ்திரிதான் வேலையை ஏற்றுக்கொண்டார். வந்து சுற்றிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, “அண்ணே, சாமான் செட்டோட வெளிய போயிருங்க” என்றார்.

“நான் எங்கயும் போகல” என்றார் டொக்கு மேஸ்திரி.

காரணம் அவருக்கு மனப்பாடம். வீட்டுக்காரர் கண்ணில் படாத வீட்டில் என்ன நடக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கல்லுக்கு அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை வைத்து அமுக்கிவிடுவார்கள். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் வெறும் காற்று. சில வருஷம் கழித்துத் தட்டினால் ‘டொக்’. நெட்டை நல்ல ஆள்தான், ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் எப்படியோ? இதையெல்லாம் நெட்டையின் முகத்துக்கு நேராகவே சொன்னார். நெட்டை தலையைச் சொறிந்துகொண்டார்.

மேஸ்திரியம்மாவின் தம்பி வீட்டில் மாடி காலியாகக் கிடந்தது. தம்பி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மச்சான் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு சொந்த வீட்டைப் போனில் கட்டச் சொல்கிறாயா என்று மனைவியிடம் எகிறினார். வேண்டுமானால் நீ மட்டும் போ என்றார்.

அங்கேதான் சிக்கல். மேஸ்திரியம்மாவுக்குத் தூசி ஆகாது. கொஞ்சம் ஏறினாலும் நெஞ்சு விசில் அடிக்கும். வாயில் வைத்து அடிக்கும் பம்ப்பு எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். போகவேண்டியவர் அவர்தான். ஆனால் கணவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகமாட்டார். விட்டால் டீயையே மூன்று வேளையும் சாப்பாடாகக் குடித்துக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு உடைத்த தரையில் நடப்பார், விழுவார் என்பது அந்த அம்மாவின் கணக்கு. “நீங்க வந்தா வர்றேன். இல்லேன்னா இங்கயே இருக்கேன்” என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

இரண்டு பிடிவாதங்களும் சேர்ந்து பின்னறைக்குள் குடியேறின. கட்டில், அடுப்பு, துணிப்பெட்டி, கவிழ்த்து அடுக்கிய பாத்திரங்கள். வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டியவர் மேஸ்திரி. ஒரு பொட்டுத் தூசி உள்ளே வராது என்று சத்தியம் செய்யாத குறைதான். முதல் நாள் கட்டிங் மெஷின் ஓடியது. சாயங்காலம் டீ தம்ளரில் தூசி, சோப்பில் தூசி, மடித்து வைத்த துண்டின் மடிப்புக்குள் தூசி. மேஸ்திரியம்மா துண்டை அவர் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு மறுபடியும் மடித்து வைத்தார்.

மேஸ்திரியோ கூடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மூக்கில் ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். கலவையில் தண்ணீர் ஜாஸ்தி என்பார். தரை சமமா என்று ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார் என்பார். பின்னறைப் பக்கமிருந்து இருமல் கேட்கும். மெஷின் சத்தம் அதை மூடிவிடும். அவரும் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

குளியலறை வேலை முடிந்து, கூடத்தின் பழைய தரையைப் பெயர்த்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. நெட்டை உளியை ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினார். நன்றாகப் பதித்த கல் என்றால் சில்லு சில்லாகத்தான் வரும். இந்தக் கல் அலுங்காமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை. அடுத்த கல்லும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நெட்டை உருண்டைகளைப் பார்த்தார், பிறகு அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

அந்தத் தரையைப் போட்டவர் டொக்கு மேஸ்திரிதான். கல்யாணமான புதிதில், பகலெல்லாம் ஊரார் வீட்டில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலங்களில் களைத்துப்போய் வந்து, சீக்கிரம் குடிபோக வேண்டும் என்று அவசர அவசரமாகப் பதித்தது. உலகத்துத் தரையை எல்லாம் தட்டியவர் தன் வீட்டுக் கூடத்தை மட்டும் ஏனோ தட்டியதே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

ஷீட்டை விலக்கிக்கொண்டு வந்து மேஸ்திரியம்மாவும் எட்டிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். “இதைப் போடும்போது வீட்டுக்காரரு கூடவே இருந்தாருல்ல?” என்று நெட்டையிடம் கேட்டார்.

நெட்டைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஸ்திரியம்மாவும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இடுப்பிலிருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அடித்தார்.

மேஸ்திரி வாளியிலிருந்து எழுந்து, பெயர்த்த கற்களுக்கு நடுவே தட்டுத் தடுமாறிப் போய் மனைவியின் முதுகில் கையை வைத்தார். உள்ளே மூச்சு சிக்கிச் சிக்கி வருவது உள்ளங்கையில் தெரிந்தது. இத்தனை நாளாக மெஷின் சத்தத்துக்குப் பின்னால் தள்ளிவைத்த சத்தம் இதுதான். அவருக்குப் பயமாக இருந்தது. எத்தனை வருஷம் சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குள் வந்திருக்கிறோம், அதை யார் உதறித் துவைத்தார்கள் என்ற நினைப்பும் வந்தது. நெட்டையைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே பரண் மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். சாவிக்கொத்தை நெட்டையின் கையில் வைத்தார். தினமும் வந்து பார்ப்பீர்களா அண்ணே என்று நெட்டை கேட்டார்.

“நான் பாத்துப் போட்டதுதான் தெரிஞ்சுபோச்சே. நீயே பாத்துக்க” என்றார் டொக்கு மேஸ்திரி.

மச்சான் மாடிப்படியிலேயே காத்திருந்தார். “வாங்க மாமா, ஒவ்வொரு படியா தட்டிப் பாத்துக்கிட்டே வாங்க” என்று வம்புக்கு இழுத்தார். மேஸ்திரி அசடு வழியச் சிரித்துவிட்டு ஏறினார். முழங்கால் வலிக்குக் கைப்பிடியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அறையில் இரண்டு கட்டில்கள், ஜன்னலில் சுத்தமான வெளிச்சம். மேஸ்திரியம்மா படுத்த உடனே தூங்கிவிட்டார். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கியவர், இன்று தலையணையை ஒதுக்கிவிட்டு நீட்டிப் படுத்திருந்தார். மேஸ்திரி எதிர்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. கட்டில் காலுக்குப் பக்கத்துக் கல் லேசாக அசைகிறது.

கை தானாகக் கீழே போனது. நடுவிரல் மடங்கியது. எதிர்க் கட்டிலில் மூச்சு எங்கேயும் சிக்காமல் போய் வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி கல்லுக்கு மேலே முட்டியை அப்படியே நிறுத்தி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மடக்கிய விரலைப் பிரித்து, உள்ளங்கையைச் சத்தமில்லாமல் அந்தக் கல்லின் மேல் வைத்தார்.