மண்ணுக்குள் வேகும் பாண்

நோர்வேயில், எங்கள் ஹவுகெட்டோ குடியிருப்பில் வசந்தம் வந்தால் ஒரு நாள் டுக்னாட் நடக்கும். அயலவர்கள் எல்லோரும் கூடி, கூலியில்லாமல் வளவைத் துப்புரவாக்கிப் பூங்கன்று நடும் வழக்கம் அது. என் மனைவி சுகந்தி அன்று தட்டுத் தட்டாக றோல்ஸ் பொரித்துக் கொடுப்பாள்; மண் கிண்டும் சவளை மட்டும் தொடமாட்டாள். "உங்கள் மனைவிக்கு மண் பிடிக்காதோ?" என்று பக்கத்து வீட்டு நோர்வேஜியர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். வேறென்ன செய்வது? றோல்ஸ் கடித்துக்கொண்டு கேட்கக்கூடிய கதையா அது!

போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில், தன் தம்பியைத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தவள் அவள். கடற்கரை மணலில் கல்லுக்கு எங்கே போவது? கஞ்சி காய்ச்சிய சட்டியை அடையாளத்துக்குக் கவிழ்த்து வைத்துவிட்டு, சனத்தோடு சனமாக நடந்துவிட்டாள். பிறகு அந்த இடத்தை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இதை எனக்குச் சொன்னாள். "பிள்ளையளுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். எங்கள் மகள் ஆரணிக்கு மாமா என்றால் சுவரில் தொங்கும் படம், போரில் செத்தவர், அவ்வளவுதான். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. சுவரைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் வயது.

போன கோடையில் ஆரணியின் பிடிவாதத்தால் ஐஸ்லாந்துக்குப் போனோம். அங்கே பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் ஏரிக்கரையோரம் குளிக்கலாம். வருடம் முழுக்கக் கம்பளிக்குள் கிடக்கும் எனக்குக் கழுத்தளவு சுடுதண்ணீர் சொர்க்கமாகத்தான் இருந்தது. சுகந்தி இறங்கிய கையோடு ஏறிவிட்டாள். "இந்தக் கந்தக மணம் எனக்கு ஏலாது" என்றாள். ஷெல் வெடித்த இடத்திலும் அதே மணம்தான்.

குளித்து முடித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பாண் ரொட்டி வேகும் இடத்தைக் காட்டுவார்கள் என்றார்கள். கரையில் கறுத்த மணல். அதன் வெடிப்புகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் ஒரு கல். சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். பாண்காரர் முன்பு நோர்வேயில் வேலை செய்தவராம், மொழி தெரியும். அவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "வெம் லிகர் டார்?"

அங்கே யார் படுத்திருக்கிறார்?

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பாண் படுத்திருக்கிறது, றை தானிய மாப் பாண்!"

ஆரணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ அம்மா! ஆக்களுக்குத்தான் 'வெம்', ஆர் எண்டு. சாமானுக்கு 'வா', என்ன எண்டு கேக்கோணும்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்து, நாளாந்தம் அந்த மொழியிலேயே அறிக்கை எழுதுகிறவளுக்கு யாருக்கும் என்னவுக்கும் வித்தியாசம் தெரியாதா? அவள் சரியாகத்தான் கேட்டாள்.

பாண்காரர் மணலைக் கிண்டினார். சவள் உலோகத்தில் தட்டிய சத்தம் கேட்டதும் சுகந்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சட்டி மேலே வந்தது. மூடியைத் திறந்தபோது, உள்ளே தொதல் போலக் கரும்பழுப்பு நிறத்தில் பாண். அவர் துண்டு வெட்டி, வெண்ணெய் பூசி அவள் கையிலும் என் கையிலும் கொடுத்தார். இனிப்பும் ஈரமுமாக இருந்தது என்று நான் தின்று பார்த்துச் சொன்னேன். அவள் வாயில் வைக்கவில்லை.

அவர் அடுத்த சட்டியை அதே குழியில் இறக்கி, மணலை மூடி, மேலே கல்லை வைத்தார்.

"கல் அசைந்துவிடாதா?" என்று சுகந்தி கேட்டாள்.

"எங்கே போகப் போகிறது? நாளைக்கு வருவேன்" என்றார் அவர்.

சுகந்தி அந்தக் கல்லைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "நானும் நாளைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

எனக்குக்கூட அவள் சொல்லாத வசனம் அது. ஆரணியின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"ஆருக்கம்மா சொன்னனீங்கள்?"

சுகந்தி கறுத்த மணலில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் இருத்தினாள். "மாமாவுக்கு" என்று தொடங்கினாள். பாண் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, பாண்காரர் இன்னொரு துண்டு கொண்டுவந்து நீட்டினார். அதை நான் வாங்கிக்கொண்டேன். அவளுக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் பாண் ஆறிக்கொண்டிருந்தது. மற்றக் கை அந்தச் சுடுமணலைத் தடவிக்கொண்டே இருந்தது.