ஆறாவது மாடியில் ஒரு பனிச்சரிவு

காலை 9.20, காக்ஸ் டவுன்.

டிசம்பரின் வெளுத்த வெயிலில் மார்க்கெட் தெரு கொத்தமல்லி வாசனையோடு விழித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு பெரிய பையை ஆட்டோவுக்குள் தள்ளினேன். பைக்குள் ஒரு ஜோடி பனிச்சறுக்கு பூட்ஸ். கூடவே ஒரு ஜோடி பைண்டிங். பூட்ஸைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கிற வார் வைத்த தட்டுகள். காஷ்மீரில் குல்மார்க்குக்கு டிக்கெட் போட்டாயிற்று. இன்னும் பதினேழு நாள். எல்லாம் இருக்கிறது, பலகைதான் இல்லை.

ஓட்டுநர் பாஸ்கர் நீலசந்திராக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் யாருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சர்ஜாபூர் ரோட்டில் கைக்கொண்ட்ரஹள்ளி வரை பதினைந்து கிலோமீட்டர். போய்வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய் பேசியிருந்தோம்.

"இன்னா மேடம் வாங்கப் போறோம்?"

"ஸ்னோபோர்டுண்ணே. பனியில நின்னுக்கிட்டே சறுக்கிப் போற பலகை."

"பெங்களூர்ல பனியா? எங்க வூட்டு ஃப்ரிட்ஜுலயே அது வந்து ரெண்டு வருசம் ஆச்சு மேடம்."

சிரித்தபடியே கிளம்பினோம். எனக்கு எதற்கும் சிரிப்பு வந்தது அன்று. ஐந்து வருடம் ஜப்பானில், சப்போரோவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். அங்கே சனிக்கிழமைகள் எல்லாம் மலையில் கழிந்தன. நான் பழகியது கார்விங். பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதன் எஃகு விளிம்பு பனிக்குள் இறங்கும். பலகை வில்லாக வளையும், வளைந்த வழியே போகும். தூள் பறக்காது, சறுக்கல் சத்தம் இருக்காது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சரிவில் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரே ஒரு கோடு. சாய்ந்து சாய்ந்து உடம்பு கிட்டத்தட்டப் படுத்துவிடும். கையுறை பனியைத் தடவிக்கொண்டே போகும். அந்தத் தடவலுக்காகத்தான் வாரம் முழுக்க வேலை பார்த்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

கடைசிக் குளிர்காலத்தில் அப்படிப் படுத்த ஒரு திருப்பத்தில், விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருந்த பூட்ஸ் நுனி பனியில் இடித்தது. அரை அங்குலம்தான். விளிம்பு பனியை விட்டது, நான் பறந்தேன், இடது முழங்காலுக்குள் என்னவோ அறுந்தது. பதின்மூன்று வருடமாயிற்று. அறுவைச் சிகிச்சை, ஊர் திரும்பல், மகள், அலுவலகம். மகள் பிறந்தபின் பாதம் ஒரு சைஸ் நீண்டுவிட்டது. பரணில் இருந்த பழைய கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸை போன மாதம் இறக்கி, ஆசையாக வலது காலை நுழைத்தேன். ஓடு அப்பளமாக நொறுங்கி ஹால் முழுக்கச் சிதறியது. பிளாஸ்டிக்குக்கும் வயதாகும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஒரு தோழி சப்போரோவிலிருந்து மெத்தென்ற புது பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு சைஸ் பெரியதாக.

ஆக, இன்று நான் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். எவ்வளவு சாய்ந்தால் என் கால்நுனி தரையைத் தொடும்?

9.55, விவேக் நகர்.

வியாழக்கிழமை. தேவாலயத்துக்கு வந்த கூட்டமும் மெழுகுவத்திக் கடைகளும் தெருவைப் பாதியாக்கியிருந்தன. நகர முடியாமல் நின்ற இடத்தில் ஒரு ஹார்ட்வேர் கடை இருந்தது. பைண்டிங்குக்குத் திருகாணி வேண்டும். பழையவை எங்கேயோ போய்விட்டன.

"ஆறு எம்எம், பதினாறு நீளம், ஸ்டீல்ல எட்டு குடுங்க."

கடைக்காரர் டப்பாவைத் திறந்தார். "எந்த மெஷினுக்கும்மா?"

"மெஷின் இல்லீங்க. என் காலைப் பலகையில பூட்டறதுக்கு."

அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "அப்போ இருபது நீளம் போட்டுக்கோங்க. கெட்டியா நிக்கும்."

"இருபது போட்டா பலகையைத் துளைச்சு அந்தப் பக்கம் வந்துரும்."

"ஓடிப்போகாம இருக்கணும்னா அதாம்மா நல்லது" என்றபடி பதினாறையே பொட்டலம் கட்டினார். நாற்பத்தெட்டு ரூபாய்.

11.05, கைக்கொண்ட்ரஹள்ளி.

ஈஜிபுரா சிக்னலில் பதினெட்டு நிமிடம், அகரா ஏரி பக்கம் இன்னும் கொஞ்சம். ஒரு வழியாகப் பதினான்கு மாடிக் குடியிருப்பொன்றின் வாசலில் இறங்கினோம். பையைத் தூக்க பாஸ்கரும் கூட வந்தார். ஆறாவது மாடி.

பலகையை விற்கிறவள் கார்த்திகா. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று வருடம் மியூனிக்கில் வேலை, அப்புறம் ஆறு வருடம் இந்த சர்ஜாபூர் ரோடு, நாளை இரவு கணவரோடு கனடாவில் கால்கரிக்குக் குடிபோகிறாள். வீட்டில் அட்டைப்பெட்டிகளும் ஒரு யோகா பாயும்தான் மிச்சம்.

"வாங்க்கா, உக்காரச் சொல்றதுக்குக் கூட ஒண்ணுமில்லீங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க. அது மேல வேண்டாம், அதுல மிக்ஸி."

சுவரில் சாய்ந்து நின்றது அது. சிவப்பு. நூற்றைம்பத்தாறு சென்டிமீட்டர் நீளம், ஒல்லி இடுப்பு. நான் சப்போரோவிலேயே விட்டுவந்த பலகையின் தங்கச்சி மாதிரி இருந்தது. விரலால் விளிம்பைத் தடவினேன். கூர் இருந்தது. விலை இருபத்திரண்டாயிரம் என்று விளம்பரத்திலேயே இருந்தது, நான் பேரம் பேசப் போவதில்லை என்று அவளுக்கும் அந்த நொடியே தெரிந்திருக்கும்.

அவள் பக்கத்தில் ஜிப் போட்ட நீளப்பை ஒன்று கிடந்தது. "அதுல இன்னொண்ணு இருக்குதுங்க. கொஞ்சம் அகலமானது. அது எங்கூட வருது. ரெண்டு கொண்டுபோக ஏர்லைன்ல ஒத்துக்க மாட்டீங்கறாங்க."

பைண்டிங்கைப் பூட்டினோம், எட்டுத் திருகாணி. பூட்ஸ் மாட்டி மேலே ஏறினேன். நேராக நின்றபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. நேராக நிற்கவா போகிறேன்?

"சாஞ்சு பாக்கணும் கார்த்திகா. யாராவது பிடிச்சுக்கணும்."

வாசலில் நின்ற பாஸ்கர், "ஆட்டோவுல கயிறு கீது மேடம்" என்று கீழே ஓடினார்.

கயிற்றை என் இடுப்பில் கட்டி, ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பாஸ்கர் பிடித்துக்கொண்டார். அவர் விட விட நான் முன்பக்கமாகச் சாய வேண்டும். பலகைக்கு அடியில் யோகா பாய்.

"டைல்ஸ்ல கோடு விழுந்துச்சுன்னா ஓனர் அட்வான்ஸ்ல கை வெச்சுருவாருங்க" என்று சொல்லிக்கொண்டே கார்த்திகா பலகையின் முதுகில் போனை ஒட்டினாள். அதில் கோணம் தெரியும். பிறகு கன்னத்தைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்து என் கால்நுனியைப் பார்த்தாள்.

"விடுங்கண்ணா. முப்பது... நாப்பது... மெதுவா... அம்பது..."

ஜன்னலுக்குப் பின்னால் சர்ஜாபூர் ரோடு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கோ முகத்தில் மலைக்காற்று. தரை மேலே ஏறி வந்தது.

"அம்பத்தஞ்சு... அம்பத்தெட்டு..."

டக்.

கட்டைவிரலுக்கு நேராக, பூட்ஸ் தரையில் இடித்தது. சின்னச் சத்தம்தான். முதுகுத்தண்டு முழுக்க அதைக் கேட்டது.

"தட்டுதுங்க்கா."

விட்டுவிட மனம் வரவில்லை. பைண்டிங்கை அவிழ்த்து, கால் இன்னும் முன்னோக்கித் திரும்பி நிற்கிறபடி மாற்றிப் பூட்டினேன். கால் திரும்பினால் நுனி வெளியே நீட்டாது. மறுபடி கயிறு, மறுபடி எண்ணிக்கை. அறுபது தாண்டியது, எழுபது வந்தது, இடிக்கவில்லை. ஆனால் அந்தத் திருகலில் இடது முழங்காலுக்குள் சூடாக ஒரு கம்பி ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சரியா இருக்கு. எடுத்துக்கறேன்."

கார்த்திகா எழுந்து உட்கார்ந்து கன்னத்தின் தூசியைத் துடைத்தாள். "மூஞ்சி வேற மாதிரி சொல்லுதுங்களே."

"கொஞ்ச நாள்ல பழகிரும்."

"பழகாதுங்க. நீங்க போன்ல அடிபட்ட கதையச் சொன்னீங்க, நானும் கேட்டனே. இதைக் குடுத்துட்டு நான் அங்க போயி நிம்மதியா சறுக்க முடியுங்களா? நான் விக்கலீங்க."

"மேடம், பேடா, வேணாம்" என்றார் பாஸ்கரும், கயிற்றைப் பிடித்தபடியே. "அந்தம்மா சொல்றது கரெக்ட்டு. கால் போச்சுன்னா அப்புறம் நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டணும்."

சிவப்பைக் கழற்றினேன். வேறு பலகை இந்த ஊரில் யாரிடம் கேட்பேன், பதினேழு நாளில் எங்கிருந்து வரும்? குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைப்பது பழகுகிறவர்களுக்கான தொளதொளப் பலகை. கண் அந்த ஜிப் பைக்குப் போயிற்று. போகக்கூடாதுதான்.

"அது விக்கறதுக்கில்லீங்க்கா."

"தெரியும். ஒரே ஒரு தடவை சாஞ்சு மட்டும் பாத்துக்கறேன்."

அவள் பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். கருநீலப் பலகை வெளியே வந்தது. இடுப்பு இரண்டு விரல் கூடுதல் அகலம். கூடவே அவளுடைய பூட்ஸும் உருண்டு விழுந்தது, குழந்தையுடையதுபோல் குட்டி குட்டியாக.

முழங்காலுக்குப் பிடித்த கோணத்திலேயே பைண்டிங்கை வைத்தேன். கயிறு.

"அறுபது. அறுபத்தஞ்சு. ஒண்ணும் தட்டலீங்க. எழுபது. அண்ணா, இன்னும் விடுங்க."

"ஜன்னல் கம்பி கத்துது மேடம்!"

"கத்தட்டும், விடுங்கண்ணே!"

"எழுபத்திரண்டு. எழுபத்தஞ்சு!"

கையை நீட்டினேன். உள்ளங்கை தரையைத் தொட்டது. சில்லென்ற டைல்ஸ். ஓவென்று கத்திவிட்டேன். எதிர் ஃப்ளாட்டில் நாய் குரைத்தது. முழங்கால் வாயே திறக்கவில்லை. அப்படியே தொங்கினேன், ஒரு நிமிடம் இருக்கும், யாரும் என்னை எழுப்பிவிடக்கூடாது என்றிருந்தது.

எழுந்தேன். வாரை அவிழ்த்தேன். அது என்னுடையது இல்லை என்ற நினைப்பு வந்ததும் விரல்கள் மெதுவாகிவிட்டன. கார்த்திகா தன் குட்டி பூட்ஸை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

"கயிறை இப்படிக் குடுங்கண்ணா."

தன் பைண்டிங்கைச் சிவப்பில் பூட்டி ஏறி நின்றாள். இப்போது நான் குப்புறப் படுத்தேன். ஐம்பது, அறுபது, எழுபது. அவளுடைய சின்னப் பாதம் ஒல்லி இடுப்புக்குள் அளவெடுத்ததுபோல் அடங்கியது. எதுவும் இடிக்கவில்லை. எழுபத்தாறில் அவள் தலைமுடி தரையைக் கூட்டியது. கயிற்றில் தொங்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதைப் போயி விக்கறேன்னு போட்டிருக்கறனே! ஆறு வருசமா லேப்டாப் முன்னால உக்காந்தாச்சு, இனி நமக்கெதுக்கு ஒல்லிப் பலகையோட வேகம்னு நெனச்சனுங்க. அக்கா, நீலத்தை எடுத்துக்கோங்க. அதே வெலதான். செவப்பு எங்கூட வருது."

"நெஜமாவா?"

"எழுப்பிவிடுங்க, நெஜமான்னு சொல்றேன்."

பாஸ்கர் எழுப்பிவிட்டார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் ஆயிப்போச்சா? நானும் ஒரு தபா தொங்கிப் பாக்கட்டா?" என்றார். தொங்கினார். நாற்பத்தைந்திலேயே கடவுளைக் கூப்பிட்டார்.

பகல் 1.40.

சப்போரோவில் என் முதல் பலகையை வாங்கிய கடை நினைவுக்கு வந்தது. ஒரு சுவர் நிறையப் பலகைகள், வெதுவெதுப்பான காற்று, குனிந்து வணங்கிய விற்பனையாளர். பத்தே நிமிடத்தில் நிறத்தைப் பார்த்து எடுத்தேன். அகலம் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே மலை ஜன்னலிலேயே தெரியும், தப்பாக வாங்கினால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். இங்கே பனி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அதனால்தானோ என்னவோ, கயிற்றில் தொங்கி ஒவ்வொரு டிகிரியாக எண்ணி வாங்க வேண்டியிருந்தது.

கார்த்திகாவைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே வந்தால், லிஃப்ட் வாசலில் செக்யூரிட்டி நின்றார். சாமான் எதுவானாலும் சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டுமாம். சர்வீஸ் லிஃப்ட் பழுது. அப்போ? படி.

பலகையின் முன்முனையை நான் பிடித்தேன், பின்முனையைப் பாஸ்கர். ஆறு மாடி, மாடிக்கு இரண்டு திருப்பம். முதல் திருப்பத்தில் பலகை சுவரில் உரசாமல் இருக்க உடம்பை உள்பக்கம் சாய்த்தேன். இரண்டாவதில் இடுப்பு தானாகச் சாய்ந்தது. நான்காவது மாடி தாண்டியபோது கால்கள் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டன. இடம், வலம், இடம். வழக்கமாகப் படி இறங்கும்போதுதான் என் முழங்கால் முனகும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறவள் நான். இப்போது பற்றுவதற்குக் கை காலியில்லை. கையில் இருந்ததோ என் பலகை.

"மேடம், ஜல்தி ஜாஸ்தி ஆவுது!"

"வாங்கண்ணே, வாங்க!"

"ப்ரேக் போடுங்க மேடம்!"

"இதுல ப்ரேக் கிடையாதுண்ணே" என்று கத்தினேன், அடுத்த திருப்பத்துக்குள் சாய்ந்தபடி. "திரும்பணும், அவ்வளவுதான்!"