குறி நகராத கண்ணாடி

எங்கள் அறையின் ஃபிரிட்ஜில், தயிர் டப்பாவுக்கும் முந்தின நாள் மீன்குழம்புக்கும் நடுவே, துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கித் தொலைநோக்கி கிடக்கும். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்க்கும் கடையின் ஸ்டோர்கீப்பர், என் அறைத்தோழர், வைத்தது. காலையில் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கடையின் பின்புறம் வெயிலில் நிறுத்துவார். குளிரிலிருந்து அந்த ஊர்ப் புழுக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியின் வெளிப்புறம் ஆவி படியும். துடைத்தால் போய்விடும். உட்புறம் படிந்தால் குழாயின் அடைப்பு சரியில்லை, ஈரக்காற்று உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை அவர் விற்பனை அலமாரிக்கு விடவே மாட்டார். கம்பெனியின் பெயரும் பெட்டியில் அச்சடித்த வாசகமும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அறையில் இருந்த மற்றவர்கள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். ஊருக்குப் போன எத்தனையோ பேரின் முகம் எனக்கு மறந்துபோயிற்று. அந்தத் துணிப்பொட்டலத்தைத் திறந்து ஆவியைத் தேடுகிற அவருடைய முகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் கடையில் பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். கூடாரம், கரியடுப்பு, வல்லூறின் கண்ணை மூடும் தோல்தொப்பி, பைனாகுலர் எல்லாம் உண்டு. துப்பாக்கிகள் உள்ளறையில், உரிமம் பார்த்துக் கொடுக்கும் அரபு மேனேஜரின் பொறுப்பில் இருந்தன. அவற்றின்மேல் பொருத்தும் ஸ்கோப் என்கிற தொலைநோக்கிகள் எங்கள் இருவர் கையில். நான் ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரன், கவுண்டரில் நின்று விற்பவன். அவர் இலங்கையில் வன்னிப் பக்கத்திலிருந்து, போர் முடிந்து சில வருஷங்கள் கழித்து வந்தவர். முஸ்லிம் ஆட்களை அவர்கள் பக்கம் அண்ணன் என்று அழைக்கிற வழக்கப்படி என்னை "நானா" என்பார். எங்கள் ஊரில் "காக்கா" என்று சொல்வோம் என்றேன். "காகத்தைக் கூப்பிடுற மாதிரி இருக்கு, என்னால ஏலாது" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

ஒரு விஷயம் எனக்குப் புரியாமலே இருந்தது. ஸ்கோப்பை மேசையோரத்து இடுக்கியில் இறுக்கி, தெருவுக்கு அப்பால் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் பக்கம் திருப்பி வைப்பார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"நானா, ஒருக்காப் பாருங்கோ. உள்ளுக்க இருக்கிற குறுக்குக்கோடு எங்க நிக்குது?"

"தொட்டில ஒரு மரையாணி இருக்குல்ல, அதுமேல நிக்கிது."

ரப்பர் சுத்தியலால் குழாயில் நாலு தட்டு தட்டுவார். "இப்ப?"

"அங்கனயேதான் நிக்கிது."

நகர்ந்திருந்தால் அந்த ஸ்கோப் பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும். ஒருநாளும் அவர் தன் கண்ணை அதில் வைத்ததில்லை. பார்வையில் ஏதோ கோளாறு, சொன்னால் வேலைக்கு இடைஞ்சல் என்று மறைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் எறும்பு ஊர்ந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

ஒரு கோடைக்காலத் தொடக்கத்தில் உள்நாட்டுக் காப்பகம் ஒன்றின் மிருகவைத்தியர் கடைக்கு வந்தார். சூடான் நாட்டுக்காரர், உயரமானவர், குரல் மட்டும் மெல்லியது. நீண்ட கொம்புடைய அரேபிய மான்களுக்கு மயக்க ஊசி எய்யும் துப்பாக்கி அவரிடம் இருந்தது. அதற்கு நல்ல ஸ்கோப் வேண்டும் என்றார். அவர் பேசியது அரபியும் ஹிந்தியும் கலந்த, இந்த ஊரில் எல்லோரும் பேசுகிற ஹிந்தி. என் வழக்கப்படி, மிகப் பெரிதாகக் காட்டுகிற விலை கூடிய ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். ஸ்டோர்கீப்பர் உள்ளேயிருந்து வந்து அதை மெதுவாகத் தள்ளி வைத்தார். "இந்த வெயில்ல பெரிசாக் காட்டினா மானும் தெரியாது, மண்ணும் தெரியாது. கானல்தான் பெரிசாத் தெரியும்" என்று என்னிடம் தமிழில் சொல்ல, நான் அதை ஹிந்தியில் சொன்னேன். வைத்தியர் தலையாட்டினார். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"பெரிதாக்குவதெல்லாம் வேண்டாம். அடிபட்டாலும் நகராமல் இருக்கவேண்டும். எனக்கு அது போதும், யா அகீ, சகோதரா" என்றார். பிறகு தன் பழைய ஸ்கோப்பைப் பற்றிச் சொன்னார். "போன குளிரில் ஒரு சினைமான். கால்புண்ணுக்கு மருந்து போட மயக்கவேண்டியிருந்தது. நான் தொடையைத்தான் பார்த்தேன். கோடு தொடையில்தான் நின்றது, வல்லாஹி, அல்லாவின்மேல் ஆணை. ஊசி வயிற்றில் போய் இறங்கியது. தாயும் பிழைக்கவில்லை, குட்டியும் பிழைக்கவில்லை. பிக்கப்பில் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது."

ஸ்டோர்கீப்பர் கையில் எடுத்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். தட்டுத்தடுமாறி ஹிந்தியில், அவராகவே, வைத்தியரிடம் கேட்டார். "இதுவே தோட்டா போடுகிற துப்பாக்கியாக இருந்தால்? தூரமும் கூட இருந்தால்?"

"தூரம் கூடக்கூட விலகலும் கூடும். குறிவைத்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பதைக் கொல்லும்" என்றார் வைத்தியர். சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்டோர்கீப்பரின் முகம் வெளுத்துப்போனதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் கடை வண்டியில் காப்பகத்துக்குப் போனோம். ஒரே குழாயாகக் கடைந்த, கைக்குக் கனமான, பார்வைக்கு அழகில்லாத ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அதைத் தன் கையாலேயே துப்பாக்கியில் பூட்டி, திருகுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வைத்தியர் வைக்கோல் மூட்டையில் ஒரு குறி வரைந்து ஊசி எய்து பார்த்தார். பிறகு துப்பாக்கியை பிக்கப்பின் பின்னால் போட்டுக் கற்பாதையில் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி எய்தார். ஊசி அதே இடத்தில் ஏறியது. "கலாஸ், முடிந்தது, இதுதான் எனக்கு" என்று ஸ்டோர்கீப்பரின் தோளைத் தட்டினார். ஸ்டோர்கீப்பர் கூடுதலாகக் கொண்டுபோயிருந்த அதே ரகத்து இன்னொரு ஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார்.

வரும் வழியில் கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய ஒரு களப்பு உண்டு. வெயில் தாழும் நேரத்தில் கணுக்கால் தண்ணீரும் உப்புப் படிந்த சேறுமாக அது கண்ணுக்கெட்டிய மட்டும் மின்னும். அந்த இடம் வந்ததும், "நானா, வண்டிய ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார். இறங்கவில்லை. முன்கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார்.

"இப்பிடித்தான் இருந்தது. தண்ணி மட்டும் கொஞ்சம் ஆழம், இடுப்பளவு. சண்டையின்ர கடைசி நாளுகள். சனமெல்லாம் வரிசையா இறங்கி நடக்குது. நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போறன். பக்கத்தில தம்பி, அவன்ர பெஞ்சாதி. அங்கால வரம்பில ஒருத்தன் படுத்திருக்கிறான். எந்தப் பக்கத்தான் எண்டும் எனக்குத் தெரியாது. ஆள் தெரியேல்ல, கண்ணாடி மினுங்கினது மட்டும் தெரிஞ்சது. அது என்னைத்தான் பாக்குது. நான் ஒரு அடி வைக்க அதுவும் அசையுது. சொன்னா நம்பமாட்டியள், முகத்தில ஈ இருக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சது. இப்ப விழும், இப்ப விழும் எண்டு நடக்கிறன். வெடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பாத்தா தம்பி தண்ணிக்குள்ள கிடக்கிறான்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இவ்வளவு காலமும் என்ன நினைச்சனான் தெரியுமோ? அவன் என்ர முகத்தைப் பாத்தான், கையில அம்மாவைப் பாத்தான், பாவம் எண்டு என்னை விட்டிட்டான் எண்டு. அப்ப தம்பியில என்னத்தைக் கண்டான்? அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். இப்ப இந்த டாக்குத்தர் சொல்லுறார், அடிபட்ட கண்ணாடியெண்டா பக்கத்தில நிக்கிறதுக்குப் போகுமாம். அப்பிடியெண்டா அது எனக்கு வச்ச வெடி, நானா."

அல்லாவின் நாட்டம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். பிறகு அவர் கேட்டது எனக்கு எப்போதும் மறக்காது. "நீங்கள் அங்கால போய், தண்ணிக்குள்ளால இஞ்ச நடந்து வருவியளோ? ஒருக்கா நான் பாக்கவேணும். அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும் எண்டு நான் பாக்கவேணும்."

கைலியை மடித்துக் கட்டுகிற மாதிரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீருக்கு நடுவே தெரிந்த ஒரு மண்மேடு வரை போய்த் திரும்பினேன். அவர் கரையில் குப்புறப் படுத்திருந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை, வெறும் குழாய்தான். எதிரே இருப்பவர் என் அறைத்தோழர், நான் சமைத்ததைச் சாப்பிடுகிறவர். இத்தனையும் தெரிந்தும், அந்தக் கண்ணாடி ஒருமுறை வெயிலில் மின்னியதும் என் கால்கள் நின்றுவிட்டன. முகம் முழுக்க ஒரு கூச்சம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ என்னை மிக அருகில் வந்து பார்க்கிறார்கள், என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்சியை ஓதிக்கொண்டே மிச்சத் தூரத்தை நடந்தேன். அந்த நடையில் எனக்குள் புகுந்த ஒன்று இன்றுவரை வெளியே போகவில்லை. திறந்த வெளியில் தனியாக நடக்க நேர்ந்தால் இப்போதும் என் முகத்தில் அந்தக் கூச்சம் ஏறுகிறது.

நான் கரையேறியபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஸ்கோப் மணலில் கிடந்தது.

"முகம் வடிவாத் தெரியுது, நானா. நீங்கள் வாய்க்குள்ள ஏதோ ஓதினது தெரிஞ்சது" என்றார். "அப்ப என்னை அவன் பாத்திருக்கிறான். பாத்துப்போட்டு விட்டானோ, பாத்துப்போட்டுச் சுட்டானோ?" கேள்வியை என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. கேட்டுவிட்டு மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு கடையில் அவரே கண்ணை வைத்துப் பார்க்கத் தொடங்கினார். என்னைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. பேச்சு இன்னும் குறைந்தது. சில மாதங்களில் லீவு போட்டு ஊருக்குப் போனார். இங்கே வந்த பிறகு ஒருமுறைகூட லீவில் போகாதவர். அம்மா அழைத்தபோதெல்லாம் ஏதாவது சாக்கு சொல்லி வந்தவர். தம்பியின் மனைவியை எதிர்கொள்ள முடியாமல்தான் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. லீவு முடிந்தும் திரும்பி வரவில்லை. ஃபோனில் மேனேஜரிடம் விசாவைக் கேன்சல் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் பேசினார்.

"தம்பி பெஞ்சாதிட்ட எல்லாத்தையும் சொன்னனான், நானா. கண்ணாடியைக் கண்டதை, உங்களை நடக்கவிட்டுப் பாத்ததை, எல்லாத்தையும். என்னை ஏசுவா, மண் அள்ளித் திட்டுவா எண்டு நினைச்சன். அவ ஏசேல்ல. தன்ர கதை ஒண்டைச் சொன்னா. தண்ணிக்குள்ள இறங்கேக்க தம்பி அவவின்ர இடக்கைப் பக்கமாம். பையைத் தூக்க வசதியா வலக்கைப் பக்கம் வாங்கோ எண்டு அவதான் கூப்பிட்டு மாத்தி விட்டவவாம். மாறி ரெண்டு அடி வைக்கேல்ல, விழுந்திட்டான். தன்னாலதான் போனான் எண்டு இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லாமல் வச்சிருந்திருக்கிறா. ஒரே வளவுக்குள்ள அம்மாவும் அவவும்தான். அம்மாவுக்கும் தெரியாது."

இப்போது அவர் அங்கேயே ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அம்மா இறந்துவிட்டார். தம்பியின் மனைவி அதே வேலிக்குள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். இங்கே அந்த வேலையெல்லாம் என் தலையில். ஸ்கோப்பைக் குளிரில் வைக்கிறேன், வெயிலில் வைக்கிறேன், தட்டிப் பார்க்கிறேன். மிருகவைத்தியர் கடைப்பக்கம் வந்தால் ஸ்டோர்கீப்பரைப் பற்றி விசாரிப்பார். அந்த ஸ்கோப் இன்னும் நகரவில்லை, பிறகு ஒரு மானும் சாகவில்லை என்று சொல்லச் சொல்வார். போன பெருநாளுக்கு ஸ்டோர்கீப்பர் ஊரிலிருந்து வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது அதைச் சொன்னேன். "நல்லது" என்றார். இப்பவாவது தூக்கம் வருதா என்று கேட்டேன்.

"நித்திரை வருது எண்டு பொய் சொல்ல மாட்டன், நானா" என்றார். "முந்தி நான் மட்டும்தான் முழிச்சிருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு கிடப்பன். இப்ப அங்கால வீட்டில அவவும் முழிச்சிருக்கிறா எண்டு தெரியும். அவ்வளவுதான்."