பிள்ளைமடு

எங்கள் ஆறு அப்படியொன்றும் பெரிய ஆறில்லை. குளம் நிரம்பி வான் பாயும் இடத்தில் கிளம்பி, கப்பல்துறைப் பக்கத்து வயல்களுக்குள் வளைந்து, கண்டல் காட்டுக்குள் புகுந்து கடலில் சேரும். கோடையில் முழங்கால் நனையாது. ஆனால் பெயருக்குக் குறைவில்லை. மேலே வானாறு, நடுவில் வயலாறு, கீழே கண்டலாறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆழமான ஒரு வளைவு இருக்கிறது. அதற்குப் பிள்ளைமடு என்று பெயர்.

அந்தப் பிள்ளை என் தங்கச்சி. ஒரு மாரியில் குளிக்கப் போனவள் திரும்பி வரவில்லை, ஏழு வயது.

ஊர் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லும், அம்மாவுக்கு முன்னால் மட்டும் சொல்லாது. அம்மா வந்தால் "அங்கால வளைவு" என்பார்கள். கலியாணமாகி ஊருக்கு வரும் பெண்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவைப்போம். அதில் நான்தான் மகா கண்டிப்பு. ஒருமுறை வாய் தவறிய மீன்காரரோடு தெருவில் நின்று சண்டை பிடித்தேன்.

போன வருடம் அந்த வளைவில் பாலம் போட்டார்கள். பலகையில் எழுத ஆற்றின் பெயர் கேட்டு ஓர் அதிகாரி வந்தார். ஊர்ச் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் கூட்டம். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "வயலாறு எண்டே போடுங்கோ" என்று நானும் அவசரப்படுத்தினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாவிடம் அந்த மனுசன் திரும்பிக் கேட்டார், "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறனீங்கள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவவை விடுங்கோ ஐயா!"

"நீ சும்மா இரு," என்றார் அம்மா. தட்டைக் கதிரையில் வைத்தார். "பிள்ளைமடு. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. என்னைக் கண்டா வாயை மூடுவினம். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு."

அம்மா அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டில அவளைப் பற்றி ஒரு கதை இல்லை, தம்பி. ஊராவது சொல்லட்டும். நல்ல பெரிசா எழுதுங்கோ."

அதிகாரி படிவத்தை என்னிடம் நீட்டினார். எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமும் அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவரைத் தனியே அழ விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன எழுதினனீ? வாசி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா," என்றார்.