பாகம் பிரித்தவர் கிளம்பவில்லை

எண்பதுகளின் கடைசியில் நான் காலாப்பட்டுக்கு பஸ் ஏறிப்போய் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது, நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. குடும்பம் பெருத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் எனக்கும் சித்திக்கும் நடுவே ஒரு சுவர் வருவதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் நான் சித்தியிடம்தான் சொல்வேன்.

பிரித்துக் கொடுக்க அப்பாவின் தாய்மாமன், எனக்குத் தாத்தா முறை, வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். கூடத்தின் நடுவே சுண்ணாம்பால் கோடு கிழித்து, "இந்தாண்ட உனுக்கு, அந்தாண்ட அவனுக்கு" என்று ஒரே காலையில் தீர்த்துவைத்தார். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே பாயை விரித்துப் படுத்தவர், ஊருக்குக் கிளம்புகிற வழியாகக் காணோம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். தாய்மாமனிடம் அதை யார் சொல்வது? கொத்தனார் தினமும் வந்து, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். செல் எப்படிப் பிரிகிறது என்று அப்போதுதான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடங்கிவைக்க ஒரு புரதம் வேண்டும். தொடங்கியதும் செல் அதைச் சிதைத்துவிட வேண்டும். சிதைக்காவிட்டால் செல் பாதியிலேயே நின்றுவிடும், இரண்டாகாது. அந்தப் புரதம் எங்கள் தாத்தாவேதான் என்று முடிவு கட்டினேன். அவர் இருக்கும்வரை சுவர் எழாது. ஆகவே தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருக்குச் சுடச்சுட மசால் வடை வாங்கிப் போனேன்.

"நீ ஒருத்திதாண்டி பாசமா இருக்க" என்பார், வாய் நிறைய வடையோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி தட்டில் வெற்றிலை பாக்கும் புது வேட்டி துண்டும் வைத்து அவரிடம் நீட்டி, காலில் விழுந்தாள். ஒழிக்க வேண்டிய புரதத்தின்மேல் செல் ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டிவிடும். அதற்குப் பிறகு அது தப்பாது. தாம்பூலம் வாங்கிய விருந்தாளியும் அப்படித்தான். தாத்தா மத்தியானமே கிளம்பினார். அவர் பாயைச் சித்திதான் சுருட்டினாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏன் சித்தி இப்படிப் பண்ண?"

"கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து உங்கம்மா அடுப்புலதாண்டி பொங்கறேன். எனுக்குன்னு ஒரு அடுப்பு வேணாமா?"

சித்தியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை.